குளித்தால் பசிக்கும்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு மகள்களோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், பக்கத்தில் நின்ற கணவரிடம் சொன்னாள்.

“நீங்க இன்னைக்கு அருவியில குளிக்க வேண்டாம்.”

“ஏன், எனக்கு என்ன?”

“குளிச்சா ஒங்களுக்குப் பசிக்கும். போன சீசன்ல ஒம்பது புரோட்டாவும் கோழியும் தின்னுட்டீய. பிள்ளைகளுக்கு மங்குஸ்தான் வாங்கக் காசு இல்லாமப் போச்சு.”

“அப்ப நான் என்ன செய்ய?”

“ஓரமா நின்னு துணியப் பாத்துக்கிடுங்க.”

மத்தியானம் புரோட்டாக் கடையில் எனக்கு எதிர் மேசையில் அவர்கள்தான் இருந்தார்கள். சின்ன மகளின் மடியில் மங்குஸ்தான் பை இருந்தது. கணவருடைய தலை நனையவே இல்லை. அந்தப் பெண்ணின் கூந்தலிலிருந்து இலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஏட்டி, ஒனக்கு இது எத்தனையாவது புரோட்டா?” என்று கேட்டார்.

“எண்ணாதீய. சால்னா ஊத்தச் சொல்லுங்க.”