வாளும் மந்திரமும்

எரியோடு ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு டீச்சர்கள். இளையவள் கேட்ட கேள்விக்குத்தான் காது கொடுத்தேன்.

"வாள் பிடிக்கிறவ மந்திரமும் படிக்கக் கூடாதுன்னு எதுக்குக்கா வச்சீங்க?"

விடுதியில் ஒன்றாக இருந்தபோது இருவரும் தாயக்கட்டையை உருட்டி ஆடும் ஒரு கதை ஆட்டம் உண்டாக்கியிருந்தார்களாம். அதில் ஆளுக்கொரு வேடம்: வீரன், மந்திரவாதி, வைத்தியன்.

"ரெண்டும் உனக்கே இருந்தா மத்தவங்க சும்மால்ல உக்காந்திருக்கணும், ஸ்டெல்லா."

"அப்ப ரெண்டுலயும் பாதிப் பலம் குடுங்க."

"பாதிப் பலத்தோட போனா முதக் காட்டுலயே செத்துருவ."

"பரவால்லக்கா. எனக்கு ரெண்டும் வேணும்."

மூத்தவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாப்ள வீட்டுல என்ன சொன்னாக?"

"வேலைய விடுறதா எழுதிக் குடுத்துட்டு வரணுமாம். வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் ஒருத்தியால பாக்க ஏலாதாம்."

"அவரு?"

"ஒண்ணும் பேசல."

"உனக்கு அவரப் பிடிச்சிருக்கா?"

"ரொம்ப. அதான்க்கா கஷ்டமா இருக்கு."

"நீ அவருகிட்டயே கேட்டியா?"

"மூஞ்சியப் பாத்தா அழுதுருவேன்."

"அப்ப எழுதிக் கேளு."

மூத்தவள் தன் பையிலிருந்து ஓர் இன்லண்ட் லெட்டரை எடுத்துக் கொடுத்தாள். எழுத்து கோணாமல் இருக்கப் பையையே அடியில் பிடித்துக்கொண்டாள். ஸ்டெல்லா 'அன்புள்ள' என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள்.

"கட்டிக்கப் போறவரு பேர எழுதலாமாக்கா?"

"இப்ப எழுதாம வேற எப்ப எழுதப் போற?"

அவள் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, அவன் பெயரை எழுதினாள்.