தண்ணீர்த் தொட்டி எந்த ஊரில் இருந்தது

ஓடுகிறோம். தண்டவாளத்தின் ஓரம். அப்பாவின் காலடியில் சல்லிக்கல் நறநறக்கிறது. நான் அவர் தோளில் கிடக்கிறேன். முகம் பின்பக்கம். எனக்குக் காய்ச்சல். கண்ணைத் திறந்தால் மலை தெரிகிறது. ஜெராய் மலை. என் இடது பக்கம். கண்ணை மூடினால் பீரங்கிச் சத்தம் பெரிதாகிறது. அதனால் திறந்தே வைத்திருக்கிறேன்.

1941 டிசம்பர், மலாயா. ஜப்பான்காரன் வடக்கே இருந்து வருகிறான். வெள்ளைக்காரப் பட்டாளம் தெற்கே பின்வாங்குகிறது. நடுவில் நாங்கள். குரூணுக்கு வடக்கே ஒரு தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், நாங்கள் ரப்பர்ப் பால் வெட்டிய தோட்டம். துரை காரில் ஏறிப் போய்விட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, பெயர் கூப்பிட ஆளே இல்லை. லயத்து வரிசை வீட்டுச் சனம் மூட்டை கட்டியது. அம்மா எங்கள் பால்மாட்டுக்கு ஒரு கட்டுப் புல்லைப் போட்டாள். சாயங்காலம் திரும்பி வந்துவிடுவது போல.

பகலில் ரப்பர்க் காட்டில் படுத்தோம். இருட்டில் நடந்தோம். எத்தனை ஊர் தாண்டினோம், எனக்குத் தெரியாது. எனக்கு ஆறு வயது. பாதி நேரம் நினைவில்லை.

பிறகு ஒரு காலை. நன்றாக விடிந்துவிட்டது. ஒரு பட்டணம். மாடி வைத்த கடை வரிசை. கதவெல்லாம் அடைப்பு. தண்டவாளத்தை ஒட்டி ஒரு தண்ணீர்த் தொட்டி. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற பெரிய இரும்புத் தொட்டி. செங்கல் தூண்கள். ஒரு தூணுக்கு மட்டும் பாதி வரை வெள்ளைச் சிமெண்டுப் பூச்சு. தொட்டி ஒழுகுகிறது. அம்மா தகரக் குவளையை எடுத்துக்கொண்டு போகிறாள். தண்ணீர் எனக்குத்தான். நான்தான் கேட்டு அழுதேன்.

ஒரு ரீங்காரம். தூரத்தில். பிறகு பக்கத்தில். யாரோ கத்துகிறார்கள்.

“பிளேன்! படு! படு!”

அப்பா என் மேல் விழுந்தார். என் கன்னம் சல்லிக்கல்லில். காடாத் துணியை நீளமாகக் கிழிக்கிற சத்தம். டக் டக் டக் என்று தண்டவாளத்தில் பட்டுத் தெறிக்கிற சத்தம். அவ்வளவுதான். ரீங்காரம் தெற்கே போனது. எல்லோரும் எழுந்தார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை.

தொட்டி ஒழுகி ஒழுகி அதன் பக்கத்து மண் இளகியிருந்தது. தோண்டச் சுலபம். அதனால் அங்கே. ரயில்வே கூலிக்காரர் ஒருவர் மண்வெட்டி கொடுத்தார். தானும் தோண்டினார். அப்பா சூரியனைப் பார்த்துத் திசை பிடித்தார். தலை தெற்கே, கால் வடக்கே. எங்கள் வழக்கம் அது. பிளேன் திரும்பி வரலாம். அப்படியும் அவர் அதை விடவில்லை. என்னைத் தலைமாட்டில் உட்கார வைத்தார். நான் அம்மாவின் கால் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கைப்பக்கம் தூண்கள். இடது கைப்பக்கம் தண்டவாளம். அதற்கு அப்பால், இடது கோடியில், மலை.

எனக்கு இருக்கிற சாட்சி இது ஒன்றுதான். ஊரின் பெயர் எனக்குத் தெரியாது.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். கூலிமில் அத்தை இருந்த தோட்டத்துக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கேயே வேலை பார்த்தார். பிறகு ஒரு நாள் ஜப்பான்காரனின் ஆள் பிடிக்கிற லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட. அப்பா ஏறினார். வேறு வழியில்லை. சண்டை முடிந்ததும், கூட ஏறியவர்களில் இரண்டு பேர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அப்பா வரவில்லை. அத்தைக்கு ஒரே ஒரு வாக்கியம் தெரியும். “உங்கம்மா குரூண் சண்டையில போனா.” அதையே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். நானும்தான்.

தீபாவளிக்கு முந்தின நாள் இங்கே நம் சனங்கள் இடுகாட்டுக்குப் போவார்கள். புல் வெட்டுவார்கள். சமாதியைக் கழுவுவார்கள். செத்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போடுவார்கள். பிள்ளைகள் ஓடி விளையாடும். என் புருஷன் போன பிறகு நானும் போகிறேன். அவருக்கு இலை போடுவேன். பக்கத்தில் குடும்பம் குடும்பமாக அம்மாவுக்கும் அப்பாவுக்கும் போடுவதைப் பார்ப்பேன். பொறாமைதான். வேறு பெயர் எதற்கு அதற்கு?

தேடாமல் இல்லை. கல்யாணமாகிச் சுங்கைப் பட்டாணிக்கு வந்த நாளிலிருந்து தேடினேன். குரூணில் இறங்கினேன். பீடோங்கில் இறங்கினேன். புக்கிட் மெர்தாஜாம் வரை போனேன். தொட்டி எங்கும் இல்லை. டீசல் எஞ்சின் வந்ததும் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள் என்றார்கள். குரூணில் போய் நின்றால் மலை சரியாக உட்காராது. அத்தை குரூண் என்றாள். என் கண் இல்லை என்றது. ஆறு வயதுக் கண். யார் நம்புவார்கள்?

இந்த வருஷம் அந்தப் படம் வந்தது. என் மகள் கமலாவின் கைத்தொலைபேசியில். கோயில் ஆண்டு மலருக்குப் பழைய படம் சேர்க்கிறார்கள். மலர்க் குழுவுக்குத் தனபாலன் பொறுப்பு. பெரிய கடைத்தெருவில் மசாலை அரைக்கிற மில் வைத்திருக்கிறவர். அவருடைய அப்பாவின் பெட்டியில் பழைய நெகட்டிவ்கள் கிடந்தனவாம். கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். இது எந்த ஊர் ஸ்டேஷன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று.

கமலா எனக்குக் காட்டினாள். சும்மா வேடிக்கைக்கு. நான் சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

தண்டவாளம். மாடிக் கடைகள். ரயில்வே கேட்டருகே காத்து நிற்கிற ஏழு தோட்டத்துப் பெண்கள், ஒரு ஆள். தண்ணீர்த் தொட்டி. ஒரு தூணில் பாதி வரை வெள்ளைப் பூச்சு. தூரத்தில் மலை.

ஆனால் தொட்டி இடது பக்கம் இருக்கிறது. மலை வலது பக்கம்.

அதற்குள் குழுவில் பதில்கள் வந்துவிட்டன. குரூண்தான் என்றார்கள். தனபாலனும் வீட்டுக்கு வந்து விளக்கினார். குரூணில் நின்று தெற்கே பார்த்தால் மலை வலது கைப்பக்கம்தான் வரும், சந்தேகமே இல்லை என்றார். நான் தூணைப் பற்றிச் சொன்னேன். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். மனிதர் கண் கலங்கிவிட்டார். தீபாவளிக்கு முந்தி தன் வேனிலேயே கூட்டிப்போவதாகச் சொன்னார். கமலா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. தொட்டி சரி. தூண் சரி. பக்கம் தப்பு. அன்றிலிருந்து வீட்டில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தேன். முழங்கால் வீங்கியது. அப்படியும் நடந்தேன்.

போனோம். கமலா விடிகாலையிலேயே சமைத்துவிட்டாள். கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, அவித்த மரவள்ளிக்கிழங்கு. அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று எனக்கு உண்மையில் தெரியாது. தோட்டத்தில் இருந்ததைச் சொன்னேன்.

குரூண் ஸ்டேஷன். எல்லாம் புதுசு. இரட்டைத் தண்டவாளம், கரண்டுக் கம்பி, வேலி. வேலிக்கு வெளியே ஒரு இடத்தைத் தனபாலன் காட்டினார். ஏறக்குறைய இங்கேதான் இருந்திருக்கும் என்றார். கமலா இலையை விரித்தாள். நான் தலைமாட்டில் நிற்க வேண்டும். தெற்குப் பக்கம் போய் வடக்கே பார்த்து நின்றேன். மலை எங்கே? முன்னால் இல்லை. முதுகுக்குப் பின்னால் கிடக்கிறது.

“இது இல்ல,” என்றேன். “எலையை எடு.”

கமலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். அறுபத்தைந்து வயது அவளுக்கும். இடுப்பு வலியோடு நின்று சமைத்தவள்.

“எத்தன வருசம்மா அலைவீங்க? கிட்டத்தட்ட இதுதான்னு வச்சுக்குங்க லா. அவங்களுக்குப் போய்ச் சேரும்.”

“கிட்டத்தட்ட அம்மான்னு ஒருத்தி உண்டா?” என்றேன்.

இலையை மடித்தாள். வேனில் ஏறினோம். எனக்கு வெட்கமாக இருந்தது. நல்ல மனிதரின் ஒரு நாளைக் கெடுத்துவிட்டேன். இத்தனை வருஷமும் நான் நினைவென்று சுமந்தது காய்ச்சல் கனவாக இருந்தால்? இனி எனக்கு எத்தனை தீபாவளி?

கமலா பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு ரவிக்கைத் தையல்தான் தொழில். கல்யாணப் பெண்களுக்குச் சேலை கட்டி விடவும் போவாள். எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் துணியைத்தான் பார்ப்பாள். பீடோங் தாண்டியதும் அவள் விரல் நின்றது.

“அம்மா. இவங்களுக்கெல்லாம் முந்தானை வலது தோள்ல கெடக்குது.”

சில சனங்கள் அப்படியும் கட்டுவார்கள் என்றேன்.

“ஒருத்தர் ரெண்டு பேருன்னா சரி. ஏழு பேருமா? இந்த ஆளப் பாருங்க. சட்டைப் பையும் வலது பக்கம்.” அவள் குரல் இறங்கியது. “தனபாலண்ணே, வண்டிய ஓரமா நிறுத்துங்க. நெகட்டிவ திருப்பி வச்சு ஸ்கேன் பண்ணிட்டாங்க லா.”

வேன் நின்றது. லாரிகள் உறுமிக்கொண்டு போயின. கமலா எதையோ அழுத்தினாள். படம் இடம் வலமாகத் திரும்பியது. முந்தானைகள் இடது தோளுக்கு வந்தன. சட்டைப் பை இடது நெஞ்சுக்கு வந்தது. தொட்டி வலது கைப்பக்கம். தண்டவாளம் அதற்கு இடது பக்கம். மலை இடது கோடியில்.

இதுதான். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் நின்று எவனோ எடுத்த படம்.

தனபாலன் தொலைபேசியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். மலை இடது பக்கம் முன்னால் என்றால் நாம் மலைக்குத் தெற்கே நின்று வடக்கே பார்க்கிறோம் என்றார். பீடோங் என்றால் மலை இதைவிடப் பெரிதாக நிற்கும் என்றார். பிறகு அந்த மாடிக் கடைகளைப் பெரிதாக்கினார். ஜன்னல் வளைவுகளை விரலால் தொட்டார். அவர் சிறுவயதில் விளையாடிய வரிசை அது, இடம் வலம் மாறிக் கிடந்ததால் பிடிபடாதது. பாதி இடித்துவிட்டார்கள், பாதி இன்னும் நிற்கிறது.

“இது நம்ம டவுன்மா,” என்றார். “சுங்கைப் பட்டாணி.”

இந்த ஊரில்தான் என் பிள்ளைகளைப் பெற்றேன். புருஷனைப் புதைத்தேன். காய்கறி வாங்கினேன், வாடகைக்குச் சண்டை போட்டேன். நான் குடிவந்தபோது தொட்டி போய்விட்டது. மலை தினமும் இருந்தது. நான் ஸ்டேஷனுக்கு எப்போதும் பையைத் தூக்கிக்கொண்டு வண்டியைப் பிடிக்க ஓடினேன். தலைமாட்டில் நிற்பவள் போல நின்று வடக்கே பார்த்ததில்லை. அத்தை குரூண் என்று சொல்லியிருந்தாளே.

நேரே ஸ்டேஷனுக்குப் போனோம். வெயில் ஏறியிருந்தது. அந்தப் பாதிக் கடை வரிசையை வைத்துத் தனபாலன் அளந்து நடந்தார். நான் மலையை வைத்து நடந்தேன். இரண்டு பேரும் வந்து நின்றது கார் நிறுத்துமிடத்தில், வேலி ஓரம். கால் வைக்கிற இடமெல்லாம் தார். தொட்டியும் இல்லை, தூணும் இல்லை. வடக்கே பார்த்தேன். இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே, இடது கோடியில், மலை. இருந்த இடத்தில் இருந்தது.

காவலாளி வந்தார். மலாய்க்காரர், நடுத்தர வயது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். என் பாட்டி இங்கே கீழே இருக்கிறார் என்று கமலா அவர் மொழியில் சொன்னாள். ஜப்பான் காலத்தில் இறந்தவர் என்றாள். அவர் தாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போய் இரண்டு ஆரஞ்சுக் கூம்புகளைக் கொண்டுவந்து எங்களைச் சுற்றி வைத்தார், கார் வராமல். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

மடித்த இலையை விரித்தோம். குழம்பு ஆறியிருந்தது. ஒரு தம்ளரில் தண்ணீர் வைத்தேன். அம்மா என்று கூப்பிட்டேன். சத்தமாகத்தான் கூப்பிட்டேன். ஆறு வயதுக்குப் பிறகு அந்தச் சொல்லை யாரையும் பார்த்து நான் சொன்னதில்லை. அப்போதுதான் தாரில் உட்கார்ந்து அழுதேன். கமலா என்னை எழுப்பவில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிறவர்கள் மறக்கக் கூடாது.

அம்மா. பெயர் அஞ்சலை. வயது இருபத்து நான்கோ ஐந்தோ. சுங்கைப் பட்டாணி ஸ்டேஷன், தண்ணீர்த் தொட்டி ஓரம்.

அவள் வயிற்றில் ஒன்று. ஐந்து மாதம் என்று அத்தை சொன்னாள். பெயர் இல்லை.

அப்பா. மாரிமுத்து. சயாமில். இடம் தெரியாது. அவருக்குப் படம் எதுவும் வராது.

அவரோடு அத்தை தோட்டத்து லயத்திலிருந்து லாரி ஏறியவர்கள் பதினொரு பேர். திரும்பாதவர்கள் ஒன்பது.

ஒரு பால்மாடு. கட்டுத்தறியிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

பிறகு, அம்மாவைத் தேடி நான் போன ரயில்கள். வடக்கே குரூணுக்கு, பீடோங்குக்கு. தெற்கே புக்கிட் மெர்தாஜாமுக்கு. எத்தனை தடவை என்று எண்ணி வைக்கவில்லை. எல்லாத் தடவையும் இந்த ஸ்டேஷனில்தான் ஏறினேன். அவளை இங்கே விட்டுவிட்டு.