மூன்று நாடா

"சாமி ஏன் நேராவே பாக்கறாரு?" என்று தர்ஷினி ஒருமுறை என்னைக் கேட்டாள். குமரகோட்டத்தில் கிருத்திகைக் கூட்டம். அவளுக்கு உற்சவர் தெரிய வேண்டுமென்று இடுப்பில் தூக்கி வைத்திருந்தேன். இரு பக்கமும் வள்ளி, தெய்வானை. நடுவில் முருகர். "இந்த அம்மாவையும் பாக்க மாட்டேங்கறாரு, அந்த அம்மாவையும் பாக்க மாட்டேங்கறாரு. சண்டையா?"

அவர் நம்மைப் பார்க்கிறார் என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தலையாட்டினார். எனக்கும் அப்போது அது நல்ல பதிலாகத்தான் பட்டது.

நீங்கள் உங்கள் ஆராய்ச்சிக்காக மின்னஞ்சலில் கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். டிவி சீரியல் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதுகிற கதைகளில், ஒரு ஆண் ஒரு பெண் என்று விடாமல், மூன்று பேரை ஒரே வீட்டில் ஒரே அன்பில் சேர்த்துவைத்து எழுதுகிறார்களே, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பழைய இணையக் குழுவில் 'கோர்வை' என்ற பெயரில் எழுதியவள் நான்தான். என் பெயர் புவனேஸ்வரி.

எட்டரை மணி சீரியலில் ராகவுக்கு மனைவி கோதை. அவன் கட்டிக்கொள்வதாக இருந்த மாமன் மகள் நித்யா. எங்கள் குழுவில் கோதை கட்சி, நித்யா கட்சி என்று இரண்டு. "உங்க கோதை வெக்கிற சாம்பார்ல உப்பே இருக்காது" என்று கிள்ளானிலிருந்து ஒரு டீச்சரம்மா எழுதுவார். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் அதற்கு ஒரு வாரம் பதில் எழுதுவார். இல்லாத ஒருத்தி வைத்த சாம்பார்.

இருவர் சேர்ந்தால் ஒருத்தி வாசலில் நிற்க வேண்டும். வாசலில் ஒருத்தி நிற்கும்போது கதவைச் சாத்த மனம் வராதவர்கள்தான் மூன்று பேர் கதை எழுதுகிறார்கள். ஆசை என்று மற்றவர்கள் உங்களிடம் சொல்லியிருக்கலாம். நான் இரக்கம் என்றுதான் சொல்வேன்.

அப்போது பிள்ளையார்பாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் தமிழ் டைப்பிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரார் கல்யாணப் பத்திரிகைகள். எனக்கு முப்பத்தைந்தை நெருங்கியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி எனக்குக் குறை இருந்ததில்லை. எதிர்வீட்டில் ரேணுகா இருந்தாள். பள்ளியில் ஒரே பெஞ்ச். அவளைக் கட்டிக்கொண்ட தனசேகரன் அதே தெருவுக்குக் குடிவந்ததை முருகன் எனக்குச் செய்த உதவியாக நினைத்தேன்.

தனசேகரன் கோர்வைச் சேலை நெய்கிறவர். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்குக் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா மூன்று வேண்டும்: இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, நடுவில் உடலுக்கு ஒன்று. தனியாள் வேலை இல்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவைக் கோத்துத் தர வேண்டும். அந்த இடம் ரேணுகாவுடையது. அவளுக்கு உடம்பு முடியாமல் போனபோது நான் உட்கார்ந்தேன். நானும் தறிவீட்டுப் பெண்தான், கை மறக்கவில்லை.

ரேணுகாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. நான்தான் கூடப் போயிருந்தேன். எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டால் கவலை இல்லை, தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். சென்னையில் ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று.

அதற்கு இடையில் நான் செய்தவை எல்லாம் சின்ன வேலைகள். மத்தியானம் கஞ்சி வைத்துக்கொண்டு போவேன். தலைக்கு எண்ணெய் வைத்து வாருவேன். அவள் மகள் தர்ஷினியைப் பள்ளியில் விட்டு அழைத்து வருவேன். பெரிய தர்மங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு டம்ளர் வெந்நீரை ஆற்றிக் கொடுப்பதைத்தான் ஆண்டவன் பார்க்கிறான் என்று நினைப்பவள் நான்.

கதையையும் அப்படித்தான் கொடுத்தேன். குழுவில் போடுகிற அத்தியாயத்தை அச்செடுத்து வந்து, அவள் படுத்திருக்க, பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன்.

"இன்னாடி, இன்னைக்கு எழுதிக்கினு வந்தியா?"

"வந்தேன். மொதல்ல கஞ்சிய குடி."

"கஞ்சி எங்க போவப்போவுது? நித்யா உள்ள வந்தாளா, அங்கயே வாசல்ல நிக்கிறாளா?"

"வந்துட்டா. கோதைதான் கைய புடிச்சி கூட்டிக்கினு வரா."

"அட்ரா சக்க." அவள் தலையணையை மடித்துச் சாய்ந்து கொண்டாள். "டிவில பாத்தா ரெண்டுல ஒண்ணு அழுதுக்கினேதான் இருக்குது. உன் கதைலதான் யாரும் அழறதில்ல. படி படி."

ராகவைப் பற்றி எழுத எனக்கு அதிகம் வரவில்லை. அவன் வேலைக்குப் போவான், வருவான், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பான். கிள்ளான் டீச்சரம்மா ஒருமுறை, "உங்கள் கதையில் கதாநாயகனுக்கு வாயே இல்லையே" என்று எழுதினார். நல்ல கணவன் குறைவாகத்தான் பேசுவான் என்று பதில் போட்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் தனசேகரன் என்னைத் தறிப்பக்கம் கூப்பிட்டார். "கத்தின்னா பயப்படறாம்மா. நான் சொன்னா கோவிச்சிக்கினு திரும்பிப் படுத்துக்கறா. நீ சொன்னா கேப்பா. கொஞ்சம் எடுத்துச் சொல்லு."

"சொல்றேன் அண்ணா" என்றேன். அவரை அப்போது அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

சென்டருக்குப் போய் அந்த நோயின் பெயரை அடித்துத் தேடினேன். டாக்டரம்மா சொன்னதைவிடத் தெளிவாகவே போட்டிருந்தது, காத்திருந்தால் என்ன ஆகும் என்பதும். இரண்டு முறை படித்தேன். பிறகு அதை மூடிவிட்டு, அதே கணினியில் அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கினேன். அதில் கோதைக்கு உடம்பு முடியாமல் போகிறது. ஆபரேஷன் வேண்டாம் என்கிறாள். நித்யா கிருத்திகை விரதம் இருந்து, தன் கையாலேயே எல்லாம் செய்து, கத்தி படாமலே அவளைத் தேற்றிக்கொண்டு வருகிறாள்.

அதை ரேணுகாவுக்குப் படித்தேன்.

"கோதைக்கு ஆவுது, எனக்கு ஆவாதா?" என்றாள். "நீ சொல்லுடி புவனா. போவட்டுமா, வேணாமா?"

என் கையைப் பிடித்திருந்தாள். விடவில்லை. பயந்துபோன ஒருவரிடம் கடுமையாக எதையும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"பயமா இருந்தா வேணாம். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை என்று தனசேகரனிடம் சொன்னேன். குறித்த நாள் போயிற்று. அன்று மூவரும் சேர்ந்து எட்டரை மணி சீரியல் பார்த்தோம். ரேணுகா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் அசையாமல் இருந்தேன்.

அடுத்த சில அத்தியாயங்களில் கோதை நித்யாவிடம், நீ போய்ப் போய் வருவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, இங்கேயே இரு, நானே என் கையால் தாலி எடுத்துக் கொடுக்கிறேன் என்கிறாள். நித்யா மூன்று முறை மறுக்கிறாள். அதைப் படித்துக் கொஞ்ச நாள் கழித்து ரேணுகா என்னிடம் அதையே, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் கேட்டாள். "ஊரு இன்னா வேணா பேசட்டும். முருகர் வீட்ல நடக்கலியா?" என்றாள். நானும் மூன்று முறை மறுத்தேன். அழுகை உண்மையாகவே வந்தது.

தனசேகரன் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் கேட்பதை இல்லையென்று சொல்ல அவருக்கு அப்போது தெம்பு இல்லை. வீட்டில் முருகர் படத்துக்கு முன்னால் மஞ்சள் கயிறு கட்டினார். என்னைப் பார்க்காமல், நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு கட்டினார். மறுநாள் காலை வாய்தவறி, "அண்ணா, காபி" என்று கூப்பிட்டுவிட்டேன். ரேணுகா படுக்கையிலிருந்தே சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் ஓடிப்போய் முதுகைத் தடவினேன். அவரை நான் அதன்பிறகு எப்படியும் கூப்பிட்டதில்லை. அவளுக்குத் துணையாக அவள் அறையில்தான் படுத்துக்கொண்டேன்.

என் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, இனி திறந்து பயனில்லை என்றார்கள். போன வருடம் வந்திருந்தால் என்று அங்கே ஒரு டாக்டர் சொல்ல ஆரம்பித்து, எங்கள் மூவர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கோதையை நான் எழுதியது கோதைக்காக இல்லை. ரேணுகா பிழைக்க என்ன வழி என்று எனக்குத் தெரியும். படித்திருந்தேன். அவள் எழுந்து நடந்தால் தறியில் தன் இடத்தில் உட்காருவாள், தன் தலையைத் தானே வாரிக்கொள்வாள், நான் எதிர்வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அது நடக்காமல் பார்த்துக்கொண்டேன். கத்தி எடுக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தேன், கதை படித்தேன், அப்படியே அவளைக் கொன்றேன். தனசேகரனுக்குத் தெரியாது. என்னைச் சித்தி என்று கூப்பிடுகிற தர்ஷினிக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

கடைசி நாட்களில் ரேணுகாவுக்குப் பேச்சு தேய்ந்துவிட்டது. ஒரு மாலை, "கதைய முடிச்சிட்டியாடி?" என்றாள். இல்லை என்றேன். "கோதைக்கு நல்லா ஆயிடுதா?"

"ஆயிடுது."

"எழுதிக் காட்டு. அப்பதான் நம்புவேன்" என்று சிரித்தாள். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குள் அவள் போய்விட்டாள். குழுவில் எல்லோரும் கேட்டுப் பார்த்து ஓய்ந்தார்கள். அந்தக் கதை அப்படியே நின்றது.

உங்கள் மின்னஞ்சல் வந்த பிறகுதான் மறுபடி உட்கார்ந்தேன். வீட்டில் யாரும் இல்லை. அவர் தறிக்குப் பாவு நூல் வாங்க ஐயம்பேட்டைக்குப் போயிருந்தார், தர்ஷினி பள்ளியில் இருந்தாள். கோதை ஆபரேஷனுக்குப் போகிறாள். கட்டியை எடுத்துவிடுகிறார்கள். நித்யா அவளை ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டி வருகிறாள். தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டு, வெயிலில், ஒருத்தி கையை ஒருத்தி பிடித்தபடி நடக்கிறார்கள். கோதைக்கு மூச்சு வாங்கவில்லை. வாசல் திறந்திருக்கிறது. இருவரும் உள்ளே போகிறார்கள்.

அச்செடுத்து, ரேணுகா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து முழுவதும் படித்தேன், அவளுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக. பிறகு தாள்களை மடித்துப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். குழுவில் போடவில்லை, உங்களுக்கும் அனுப்பப்போவதில்லை. படித்து முடித்த பிறகுதான் கவனித்தேன், ராகவ் அதில் ஓர் இடத்தில்கூட வரவில்லை. சேர்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அவளுக்கு நான் பட்டிருந்த கடன் அது ஒன்றுதான். கொடுத்துவிட்டேன்.