சைரன் பிந்தவில்லை

பிளேன்டிக்குச் சீனி வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. பிளாஸ்டிக் கப்பும் வேண்டாம். கண்ணாடிக் கிளாஸ் இருந்தால் அதில் ஊற்றச் சொல்லுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் இந்த மாதிரிச் சின்ன விஷயங்களைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு.

நான் கிருஷாந்தன். மாறிவரும் காலநிலைக்கு நிறுவனங்களைத் தயார்படுத்தும் ஆலோசகன். கண்டியில் வங்கி, தனியார் மருத்துவமனை, பல்லேகலயில் ஆடைத் தொழிற்சாலை என்று நான் ஏறி இறங்காத படியில்லை. இவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? மரக்கன்று நடுவார்கள். ஒரு கன்றைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். மறுநாள் அதை மாடு மேய்ந்துவிடும். வங்கி முகாமையாளர் ஏசியை உச்சத்தில் வைத்துவிட்டு, குளிருக்குக் கோட்டை இழுத்துவிட்டபடி, பூமி சூடாகிறது என்று நான் சொன்னதற்குத் தலையாட்டினார்.

ஓரளவு காது கொடுத்தவர் அம்பிட்டியவில் ஹோட்டல் நடத்தும் ஜமால்தீன் ஹாஜியார் மட்டும்தான். அதுவும் வெளிநாட்டுப் பயணிகளிடம் பெருமையடிக்க உதவும் என்பதால். ஹோட்டல் பாறை மேல் இருக்கிறது. வேலையாட்களின் குவாட்டர்ஸ் பக்கத்துச் சரிவின் அடியில். நான் மழைமானி வைத்தேன், சைரன் பொருத்தினேன். மழை மண்சரிவு அபாய அளவைக் கடந்தால் சாவியைத் திருப்பிச் சைரனை ஒலிக்கவிட வேண்டும். ஒலித்தால் எல்லோரும் ஹோட்டலுக்கு ஏறிவர வேண்டும். ஆளாளுக்கு அடித்தால் அதற்கு மரியாதை இருக்காது என்று சாவியை நானே வைத்துக்கொண்டேன். மழைக்காலம் முழுக்க அங்கேயே தங்கினேன்.

சலவைப் பகுதியில் வேலை செய்த ஞானேஸ்வரிதான் ஒத்திகையில் முதலாவது. இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஏறிவருவாள். அவளுக்கு ஒரு துணிப்பை பரிசளித்தேன். சைரன் கேட்காமல் யாரும் அசையக் கூடாது, வதந்தியை நம்பக் கூடாது என்று திரும்பத் திரும்பப் படிப்பித்திருந்தேன். அவர்களும் அப்படியே பழகியிருந்தார்கள்.

ஒக்டோபரில் மழை அளவு கடந்தது. சைரனை அடித்தேன். அன்று அங்கே கல்யாணம். வங்கிக்காரர்களும் மருத்துவமனைக்காரர்களும் விருந்துக்கு வந்திருந்தார்கள். கீழேயிருந்து வேலையாட்கள் சேற்றுக் காலோடு மண்டபத்துக்குள் ஏறினார்கள், விருந்தாளிகள் மிரண்டு மழைக்குள் ஓடினார்கள். மலை அசையவில்லை.

ஹாஜியார் எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டினார்.

"என்ன தம்பி, உங்கட மல ஏமாத்திட்டு போல. பிரியாணியெல்லாம் வீணாப் போச்சே."

வங்கி முகாமையாளர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மருத்துவமனைக்காரர்கள் பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்தச் சிரிப்பு என்னை எரித்தது. அதை மறைக்க மாட்டேன்.

நவம்பர் மழை உங்களுக்கும் தெரியும். பின்னேரம் ஞானேஸ்வரி தொலைபேசியில் அழைத்தாள்.

"சேர், குவாட்டர்ஸுக்குப் பின்னால மண்ணு பொளந்திருக்குங்க. தண்ணி சேறா வருது. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு மேல வரட்டுங்களா?"

"சைரன் அடிச்சிச்சா?"

"இல்லீங்க."

"அப்போ அங்கேயே இருங்க."

"சரிங்க சேர்."

மழை அளவைக் கடந்து வெகுநேரமாகியிருந்தது. சாவி என் கையில்தான் இருந்தது. நான் பதறவில்லை, யோசித்தேன். இப்போது அடித்து, மலை மறுபடியும் அசையாமல் நின்றால்? இன்னொரு முறை சிரிப்பார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்த நிறுவனமும் என்னைப் படியேற்றாது. மலையும் சைரனும் ஒன்றாக வர வேண்டும் என்று முடிவு செய்தேன். சன்னல் கதவைத் திறந்துவைத்துவிட்டு, கதிரையைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

சரிவு நகர்ந்ததைக் கண்டதும் சாவியைத் திருப்பினேன். ஞானேஸ்வரி, அவளுடைய பிள்ளைகள், தோட்டக்காரர் வீரையா, இன்னும் சிலர் மண்ணுக்குள் போனார்கள். அவர்கள் சொன்னபடி கேட்டவர்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஹாஜியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இப்போது வங்கி தனக்கும் சைரன் வேண்டும் என்று கேட்கிறது, மருத்துவமனை கேட்கிறது, குண்டசாலையில் ஒரு பள்ளிக்கூடமும் கேட்கிறது. மரக்கன்றைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. இத்தனை வருடம் நான் பேசிப் பேசி நடக்காதது அது.

ஆகவே நான்தான் அவர்களை அங்கே இருக்கச் சொன்னேன், நான்தான் காத்திருந்தேன் என்று தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சைரன் பிந்தியது என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. இந்த முறை அது சரியாக அடித்தது.