அரைக் கிண்ணத் தேநீர்

எனக்குத் தேநீரில் சர்க்கரை ஆகாது. மற்றபடி எந்த உபசாரத்தையும் மறுக்கிறவள் அல்ல நான். மாவட்ட அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

மர்கிலானில், எங்கள் பேட்டையில், விவாகரத்து கேட்கிறவர்கள் முதலில் குடும்ப ஆலோசகரான என்னிடம்தான் வரவேண்டும். பெரும்பாலும் இரண்டே புதன்கிழமைகளில் சமாதானமாகிவிடுவார்கள். அப்புறம் தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது.

ஹுல்கரும் அவள் புருஷன் பொத்திரும் அப்படியில்லை. தனித்தனியாக வருவார்கள். அவள் பூசணிக்காய் சம்சா கொண்டுவந்து, மூன்று மணி நேரம் அழுவாள். அவ்வளவு நிறைவாக அழுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. மூன்றாவது மாதம், "அக்கா, இப்பல்லாம் நாங்க சண்டையே போடறதில்ல. இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டோம்," என்றாள். அடுத்த புதன்கிழமையும் வரச் சொன்னேன். அவசரப்படுகிறார்களே என்ற கவலைதான்.

வேண்டியவர்களுக்கு நாம் அரைக் கிண்ணம்தான் ஊற்றுவோம். இன்னும் இரு, மறுபடி ஊற்றுகிறேன் என்று அர்த்தம். விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். உங்களுக்குத் தெரியாததா.

பொத்திரிடம், "அதெல்லாம் அந்தக் காலம்டா தம்பி. கஞ்சப் பயன்னு நெனைக்கிறா உன்ன. நெறைய ஊத்து," என்றேன். ஹுல்கரிடம், "ஆம்பளைங்க வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்கம்மா. கிண்ணத்தப் பாத்துக்க," என்றேன்.

அவன் ஆசையாக ஊற்றினான். அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், வயிற்றில் ஐந்து மாதம். என் புதன்கிழமைகள் திரும்பி வந்தன.

குழந்தை அங்கேதான் பிறந்தது. "யாரு ஜாடை, அக்கா?" என்று பொத்திர் என் வாசலில் நின்று கேட்டான். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மூக்கு அவனுடையது என்றேன். ஆறுதல் சொல்வதுதானே என் வேலை.

தொட்டில் விருந்தில் இருவரும் எதிரெதிரே உட்கார நேர்ந்தது. பேசியிருக்கிறார்கள். அன்றைக்கே அவனோடு வீடு திரும்பிவிட்டாள்.

ஆமாம், இரண்டு பேரிடமும் பொய் சொன்னேன். ஆனால் உங்கள் கையிலுள்ள புகாரைப் பாருங்கள். இரண்டு கையெழுத்தும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. சேர்த்துவைத்தது யார்? அதையும் எழுதுங்கள்.

அவர்களுக்கு என்மேல் கோபமும் இல்லை. போன புதன்கிழமை நானே அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பொத்திர் எனக்குத் தேநீர் ஊற்றினான், கிண்ணம் வழிந்து விரிப்பு நனைகிற வரைக்கும். நான் சொல்லிக்கொடுத்ததை அந்தப் பிள்ளை இன்னும் மறக்கவில்லை.