எட்டாம் எண் கிணற்றின் தண்ணீர்

தண்ணீர் மாதிரி எடுக்கும்போது பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பக் கூடாது, சார். ஒரு விரற்கடை காலியாக விட வேண்டும். ஆய்வகத்தில் குலுக்குவதற்கு இடம் வேண்டுமல்லவா. பலர் இதில்தான் தவறு செய்கிறார்கள். பதினோரு வருடத்தில் நான் ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பன்னிரண்டு இடங்கள் என் பொறுப்பு. கண்மாய், ஓடை, குடிநீர்க் கிணறு. மாதம் ஒரு தடவை மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எட்டாம் எண் கிணற்றில் கிருமி அதிகம் என்று வந்தது. பக்கத்துச் சாக்கடை எப்படிக் கசிகிறது என்று படமே வரைந்து கொடுத்தேன். எங்கள் கம்பெனி மேலாளர் அழகுராஜா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏலே பொன்னுராஜ், போன மாசம் நல்லா இருந்த கிணறு இந்த மாசம் எப்பிடிலே கெடும்? நீ எடுத்த லட்சணம் அப்பிடி. திரும்பப் போயி எடு."

நான்கு தடவை போய் எடுத்தேன். நான்கிலும் அதே கிருமி. ஐந்தாவது தடவை எங்கள் வீட்டு ஃபில்டர் தண்ணீரைக் கொடுத்தேன்.

"இப்பத்தான் ஒழுங்கா எடுத்திருக்க" என்றார்.

ஆனால் ஃபில்டர் தண்ணீரில் உப்பே இருக்காது. அதைக் கிணற்றுத் தண்ணீர் என்று எத்தனை மாதம் நம்புவார்கள்? இந்த இடம் சுவாரசியமானது, சார். ஆலங்குளத்துச் சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துப் போட்டேன். கரையவில்லை. பிறகுதான் புரிந்தது. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் வாயுவைச் சேர்த்துக்கொள்கிறது, அதனால்தான் கல் கரைகிறது. அந்த வாயு கோலி சோடாவிலும் இருக்கிறது. இரண்டு சோடாவை உடைத்து ஊற்றினேன். பூமி பல வருடம் செய்கிற வேலை எங்கள் அடுப்படியில் ஒரு பகலில் முடிந்தது. பிறகு பன்னிரண்டு இடத்துக்கும் பன்னிரண்டு பக்குவம் வைத்துக்கொண்டேன். ஐந்தாம் எண் கண்மாய்க்கு ஒரு சிட்டிகை கரம்பை மண். கோடையில் எல்லாவற்றுக்கும் உப்பு கொஞ்சம் தூக்கலாக.

எட்டாம் எண்ணில் மட்டும் கூடுதல் அக்கறை. அது வீண்போகவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு, சிறந்த குடிநீர்க் கிணறு என்று அதற்குப் பரிசு கொடுத்தார்கள். பந்தல் போட்டு, மேளம் வைத்து, கிணற்றுச் சுவருக்கு மாலை போட்டார்கள். அதுவரை கேன் வாங்கிக்கொண்டிருந்த மூன்று தெருக்காரர்கள் கேனை நிறுத்திவிட்டுக் குடத்தோடு வந்து நின்றார்கள். நான் கூட்டத்தில் ஓரமாக நின்று பார்த்தேன். உழைப்புக்கு மரியாதை கிடைப்பது அபூர்வம்.

போன ஆவணியில் பாண்டிசெல்வி என் வீட்டுக்கே ஒரு பாட்டிலோடு வந்தார். கிணற்றுத் தெருவில் நைட்டி தைக்கிறவர்.

"அண்ணே, தண்ணி நாறுது. மகளுக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது. பரிசு வாங்குன கிணத்தவா குறை சொல்லுதன்னு எங்க வீட்ல அவிய சத்தம் போடுதாக. செத்த பாத்துச் சொல்லுங்கண்ணே."

பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பியிருந்தார். அது தவறு என்று பொறுமையாக விளக்கினேன். மூடியைத் திறந்ததுமே சாக்கடை என்று தெரிந்துவிட்டது. அப்படியே அனுப்பினால், அத்தனை வருட எண்களுக்கு நடுவே அது ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். கொட்டிவிட்டு, என் எட்டாம் எண் தண்ணீரை ஊற்றினேன், ஒரு விரற்கடை விட்டு. குடிக்கத் தகுந்தது என்று அறிக்கை வந்தது.

"அப்ப நாந்தான் சும்மா பயந்திருக்கேன். நாலு நாளா கேனுத் தண்ணிதாண்ணே குடுத்தேன், அவளுக்கு வயிறு கூட நின்னுருச்சு" என்று சிரித்தார். அன்று மாலையே கிணற்றுக்குத் திரும்பிவிட்டார்.

அந்தத் தெருக்களில் இறந்த நான்கு பேரில் அவர் மகள் இரண்டாவது.

போன வாரம் நீங்களே நேரில் போய் மாதிரி எடுத்தீர்களாம். உங்களுடைய ஒரு எண், என்னுடைய நூற்று முப்பது எண்களோடு ஒத்துப்போகவில்லை. கழுத்து வரை நிரப்பியிருப்பீர்கள்.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கும் நான் மட்டமான தண்ணீரைக் கொடுத்ததில்லை. என் பிள்ளைகள் எதைக் குடிக்கிறார்களோ, அதே தண்ணீரைத்தான் பதினோரு வருடமாக அந்தத் தெருவுக்கும் கொடுத்துவந்தேன்.