அந்தோனியின் ஹோம் ஃபோல்டர்

தருவைகுளம் செல்லும் பேருந்தில் என் முன்னிருக்கையில் இருவர் அமர்ந்திருந்தனர். கப்பல் ஏஜென்சி ஒன்றின் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பவர்கள். உடன் பணியாற்றி இறந்தவரின் ஏழாம் நாள் பூசைக்குப் போகிறார்கள் என்பது பேச்சிலிருந்து விளங்கியது.

“அடக்கம் முடியுமுன்னயே சர்வர்ல அந்தோனியண்ணன் யூசர் கணக்கை அழிச்சிட்டேன், அண்ணாச்சி,” என்றார் இளையவர்.

“ஆள் போனா அழிக்கது வழக்கம்தானல. அதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

“வேலைய விட்டுப் போனவங்களுக்குச் செய்யுத மாதிரி, கைப்பழக்கத்துல அவரு ஃபைலெல்லாம் கிடந்த ஹோம் ஃபோல்டரையும் சேர்த்து அழிச்சிட்டேன். சாப்பாட்டு நேரத்துல மகளுக்குன்னு பாடிப் பதிஞ்சதெல்லாம் அதுலதான் இருந்துச்சாம். அண்ணி கேட்டாவ.”

“பேக்கப்புல கிடக்கும்ல?”

“டிஸ்க் நிறைஞ்சிட்டுன்னு, போன மாசம் ஹோமை பேக்கப்புல சேர்க்காண்டாம்னது நீங்கதான்.”

பேருந்து உப்பளங்களைக் கடந்துகொண்டிருந்தது. மூத்தவர் மிகத் தணிந்த குரலில் கேட்டார்.

“அவன் வீட்டுக்காரிட்ட என்னல சொன்ன?”

“தேடிக்கிட்டிருக்கேன்னு சொன்னேன். ‘வேலைய விட்டுட்டுத் தேட வேண்டாம் தம்பி. பிள்ளைக்கு அப்பா குரல் மறக்கதுக்குள்ள கிடைச்சாப் போதும்’னு சொன்னாவ.”